எலி கேட்டவள்

சுவருக்குள் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தது.

மத்தியான வெயில். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த பிஸ்விக் முதலில் அதைத் தன் பல்லின் சத்தம் என்றுதான் நினைத்தான். கொஞ்ச நாளாகவே தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், தாடை வலியோடுதான் எழுந்திருக்கிறான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்தான். சத்தம் நிற்கவில்லை. தலைமாட்டு மண்சுவருக்குள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காய்ந்த சோளத்தோகையை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல, கிர்ர், கிர்ர் என்று, நடுவே மூச்சு வாங்க ஓர் இடைவெளி விட்டு, மறுபடியும் கிர்ர். கையை மெல்லத் தூக்கிச் சுவரில் வைத்தான். நின்றுவிட்டது. கையை எடுத்தான். தொடங்கியது.

வீட்டில் எலி இருப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கலாம். வேறு மாதமாக இருந்தால் அவனும் புரண்டு படுத்திருப்பான். ஆனால் இது கொளுத்துகிற காலம். அறுவடை முடிந்து, தாளுக்குத் தீ வைத்து, டெட்ஸா மலையடிவாரம் முழுக்கக் கரியாய்க் கிடக்கிற காலம். எலிக்கறி என்றால் இந்த மலையடிவாரத்துக்காரர்களுக்கு உயிர். ஊரிலுள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் மண்வெட்டியும் நாயுமாக இறங்கி, ஒரு வளை பாக்கியில்லாமல் தோண்டி, உப்புப் போட்டு வேகவைத்து உலர்த்தி, பிளந்த குச்சிகளுக்கு நடுவே வரிசையாகச் செருகி, நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களிடம் விற்றுத் தீர்த்தாயிற்று. சிம்புலி ஊரில் இனி மழை வரும்வரை எலியின் வாலைக்கூடப் பார்க்க முடியாது. அப்படியே ஒன்று தப்பி வந்தாலும், இந்த வீட்டில் அதற்குக் கொறிக்க என்ன இருக்கிறது?

வெளியே எஸினாத்தி உரலில் குத்திக்கொண்டிருந்தாள். பாட்டோடு. உலக்கை விழும்போது ஒரு சொல், எழும்போது ஒரு சொல். கொஞ்ச நாளுக்கு முன்பு தண்ணீர்க் குவளையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள் அவள். இப்போது கன்னம் உப்பியிருக்கிறது, கையில் பலம் வந்திருக்கிறது, மதியமானால் பாட்டு. புருஷன்காரன் சந்தோஷப்பட வேண்டும், கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிஸ்விக்குக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

அவள் ஏன் தேறினாள் என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் அவனைத் தின்றது.

குழந்தை பிறந்தது மழை ஓய்கிற சமயத்தில். பெண் குழந்தை. சடங்கு செய்து வெளியே எடுத்துக் காட்டும்வரை பிறந்த குழந்தை பெண்களுடையது, வீட்டுக்குள்தான் இருக்கும். அந்தச் சடங்குக்கு முன்பே காய்ச்சல் கண்டது. ஒரு விடியலில் மாமியார் நாம்வாலே வாசலுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி, "மருமகனே, ஆத்துப் பக்கம் போயிட்டு மெதுவா வாங்க" என்றாள். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லப்பட்டது. வெளியே எடுக்காத குழந்தைக்கு ஒப்பாரி கிடையாது. ஆண்கள் கூடப் போவதில்லை. பெண்கள் நாலைந்து பேர் துணியில் பொதிந்து கொண்டுபோய் இடுகாட்டுத் தோப்பில் எங்கோ வைத்துவிட்டு வந்தார்கள். எங்கே என்று அப்பனுக்குச் சொல்ல மாட்டார்கள். அப்பனும் கேட்கக் கூடாது. அவன் கேட்கவில்லை. சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த மஞ்சள் கம்பளிப் போர்வை கொடியில் இல்லை என்பதை மட்டும் கவனித்தான். அதில்தான் சுற்றியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு எஸினாத்தி சாப்பிடுவதை விட்டாள். களியைக் கையில் உருட்டுவாள், உருண்டையை அப்படியே தட்டில் வைத்துவிடுவாள். பால் கட்டிக் காய்ச்சல் வந்து, பிறகு பாலும் வற்றிப்போனது. எலும்பு தெரிந்தது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள், அதைப் பாய்க்கடியில் போட்டுவைத்தாள். இவனோ பெண்டாட்டி ஊருக்குக் குடிவந்த வீட்டோடு மாப்பிள்ளை. இங்கே பெண்தான் வீடு, பெண்தான் நிலம், பெண்தான் வம்சம். அவள் போய்விட்டால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் ஊருக்கு நடக்க வேண்டியதுதான். ஆனால் அதற்காக அல்ல. எஸினாத்தியை அவனுக்குப் பிடிக்கும். அவள் சாகப்போகிறாள் என்று நினைத்தால் அவனுக்குக் கையும் காலும் ஓடவில்லை.

மருமகனிடம் மாமியார் நேருக்கு நேர் நின்று குறை சொல்லக் கூடாது. நாம்வாலே அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். முற்றத்தில் மேயும் கோழியிடம் சொல்வாள்.

"கேட்டியா கோழி? வேற ஊர்லேர்ந்து ஒரு ஆம்பளைய கொண்டாந்து வெச்சோம். என் பொண்ணு நாளுக்கு நாள் காத்தாப் போறா. அந்த மகராசன் கூரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீயாவது ஒரு முட்டை விடுறே."

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலையில் எஸினாத்தி வாயைத் திறந்தாள்.

"எலி சாப்பிடணும்போல இருக்கு."

அவன் நம்பாமல் பார்த்தான். "என்ன?"

"எலிங்க. கபுக்கு எலி. நல்லா கொழுத்ததா."

கபுக்கு என்பது வயிறு பருத்த, கட்டை வால் வயலெலி. பிள்ளை பெற்ற பெண்கள் ஆசைப்பட்டுக் கேட்பது அதைத்தான். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான் என்றே சொல்ல வேண்டும். அடுத்த வீட்டு லெவிசன் வாசலில் உட்கார்ந்து நாய்க்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"எலியா? இப்பவா? மாப்ள, வெயில்ல தொப்பி போடாம அலையாதன்னு அப்பவே சொன்னேன்ல?"

"பொண்டாட்டி கேக்குறா, லெவிசன்."

"என் பொண்டாட்டி தையல் மெஷின் கேக்குறா. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

"விளையாடாத. இத்தன நாள் கழிச்சு இன்னிக்குத்தான் வாயத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கா."

லெவிசன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தான். நாயையும் கூட்டிக்கொண்டான். இருவரும் வெயில் சாயும்வரை அலைந்தார்கள். போன இடமெல்லாம் தோண்டிய குழிதான். சதுப்பு நிலத்து ஓரத்தில் ஒரே ஒரு வளை முழுசாக இருந்தது. குச்சியை விட்டுப் பார்த்துத் தோண்டினால் உள்ளே காய்ந்த தேரை.

கரிந்த நிலத்துக்கு நடுவே ஓரிடம் மட்டும் பச்சையாக நின்றது. இடுகாட்டுத் தோப்பு. அங்கே யாரும் மரம் வெட்ட மாட்டார்கள், சுள்ளி பொறுக்க மாட்டார்கள், தீ நுழைந்துவிடக் கூடாதென்று சுற்றிலும் புல்லைச் செதுக்கி விட்டிருப்பார்கள். சாவு விழுந்தால் ஒழிய ஒருவரும் கால் வைப்பதில்லை. குழி வெட்டுகிற கூட்டத்தில் லெவிசனும் ஒருவன். அவன்கூட அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினான்.

"இருக்கிற எலியெல்லாம் எங்க போய் ஒதுங்கியிருக்கும்னு உனக்கே தெரியும், மாப்ள. அங்க நாம போக முடியாது. வீட்டுக்குப் போ. வேற ஏதாவது ஆக்கிக் குடு."

பிஸ்விக் வீட்டுக்குத்தான் நடந்தான். முற்றத்தில் எஸினாத்தி உட்கார்ந்திருந்தாள். அவன் வெறுங்கையைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல், வந்த காலோடு திரும்பினான்.

சூரியன் புகைக்குள் சிவப்பாய்த் தொங்கிக்கொண்டிருந்த நேரம். செதுக்கிய வளையத்தைத் தாண்டிக் கால் வைத்ததும் வெளியே கேட்ட சத்தம் எல்லாம் பின்னால் நின்றுவிட்டது. நாய்க் குரைப்பு இல்லை, உலக்கைச் சத்தம் இல்லை, தலைக்கு மேல் அத்தி இலைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலியும், வருஷக்கணக்காய் யாரும் கூட்டாத சருகுகளின் புளித்த வாடையும், அந்தச் சருகுகளுக்கு அடியில், அவன் காலுக்குக் கொஞ்சம் முன்னால், எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும் பொடிப்பொடிச் சரசரப்பும்தான். எலிகள். ஊரின் எலிகள் மொத்தமும் இங்கேதான் இருந்தன. ஆனால் ஒன்றாவது கண்ணில் பட வேண்டுமே. அவன் நின்றால் அவையும் நின்றன. அவன் அடியெடுத்தால் அவையும். புதைமேடுகளின் மேல் வைத்திருந்த பழைய தட்டுகளையும் ஓட்டைக் குவளைகளையும் மிதிக்காமல், இறந்தவர்களின் பெயர் நினைவுக்கு வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, தோப்பின் தெற்கோரம் வரை போனான். அங்கே மேடு எதுவும் இல்லை. அத்திமரத்தடியில் வழவழவென்று தேய்ந்த ஓர் எலிவளையின் வாய்.

தோண்டிப் பழகிய கை அவனுடையது. பின்வாசலைத் தேடிக் கல்லால் அடைத்தான். குச்சியை விட்டு வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தான். மண்வெட்டியைப் போட்டான். மண் மிருதுவாக இருந்தது. வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல் அள்ள அள்ள வந்தது. மழைக்குப் பிறகு இறுகிப்போன நிலம் அப்படி இருக்காது. அவன் கை அதை உணர்ந்தது. அவன் அதை யோசிக்கவில்லை.

முழங்கை ஆழத்தில் கூடு இருந்தது. காய்ந்த புல், இலைநரம்பு, நடுவில் மெத்தைபோல் ஏதோ மஞ்சளாய்.

உர மூட்டையின் நூல் என்று சொல்லிக்கொண்டான். உர மூட்டையின் வாயை மஞ்சள் நூலில்தான் தைப்பார்கள். எலி எதைத்தான் இழுத்து வராது?

அதற்குள் அவை ஓடத் தொடங்கின. பருத்த கபுக்குகள், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து. அவன் அமுக்கினான், கழுத்தை நெரித்தான், சட்டைக்குள் போட்டான், மறுபடி அமுக்கினான். வயிற்றோடு ஒட்டிய அந்தச் சூடு பிறகு எத்தனை குளித்தும் போகவில்லை. குழியைக் காலாலேயே தள்ளி மூடினான். மண் ஏன் குறைகிறது, ஏன் அந்தப் பள்ளம் நிரம்பாமல் உள்வாங்குகிறது என்று நின்று பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டான்.

அன்று வீட்டில் எவ்வளவு கொண்டாட்டம்! நாம்வாலே தானே அடுப்பு மூட்டினாள். மயிர் பொசுங்கும் வாசனை எழும்ப, உப்புத் தண்ணீர் கொதிக்க, கோழியைக் கூப்பிட்டு, "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், நல்ல மாப்பிள்ளைன்னு" என்றாள். எஸினாத்தி முழுசாக ஒன்றை எடுத்து, தலையிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. களியும் ஒரு கவளம். நாம்வாலே மேல்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க கெடச்சுது?" என்று எஸினாத்தி கேட்டாள்.

"சதுப்பு ஓரமா." பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

"தனியாவா போனீங்க?"

"லெவிசன்கூட."

அவள் தலையை ஆட்டினாள். கையிலிருந்த எலியின் முன்னங்காலைப் பார்த்தாள். நகத்தில் ஏதோ சுற்றியிருந்தது. நூலிழை. கொதித்தும் நிறம் போகாத மஞ்சள். அவள் அதை மெல்லப் பிரித்து எடுத்தாள், பொறுமையாக, பொத்தானில் மாட்டிய இழையை எடுப்பதுபோல. விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அந்த எலியையும் தின்றாள்.

அவனும் தின்றான். ருசியாக இருந்தது. அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் தேற ஆரம்பித்தாள். அவள் உரலில் நின்று பாடத் தொடங்கிய பிறகுதான் சுவரில் சத்தம் தொடங்கியது.

முதலில் தலைமாட்டில் மட்டும். பிறகு கூரையில். சாயங்காலம் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தால் கதவுக்குப் பின்னால் பொடிக் கால்கள் பாயின்மேல் ஓடும். எட்டிப் பார்த்தால் பாய் அசையாமல் கிடக்கும், அதன் நடுவில் மட்டும் சூடு இருக்கும். எத்தனை தடவை கையை வைத்துப் பார்த்தான்! புழுக்கை இல்லை, கடித்த தடம் இல்லை, ஒரு மயிர் இல்லை. வாடை மட்டும் இருந்தது. எலிமூத்திரத்தின் காட்டம், அதோடு கலந்து இன்னொன்று, புளித்த பால்போல.

பொறி வைத்தான். குச்சியில் நிறுத்திய தட்டைக்கல், அடியில் வறுத்த சோளத் தவிடு. எலி தவிட்டைத் தொட்டால் குச்சி நழுவும், கல் தொப்பென்று விழும். காலையில் பார்த்தால் கல் தரையில் கிடந்தது. தூக்கினான். அடியில் ஒன்றுமில்லை. தவிடு அப்படியே இருந்தது. குச்சி நழுவி உடையவில்லை, பக்கத்தில் நேராக, ஓரம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. கல் விழவில்லை. யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள்.

"எஸினாத்தி, பொறிய நீ எடுத்தியா?"

"என்ன பொறி?" என்று அவள் சிரித்தாள். "எலி இருக்குற வீட்லல்ல பொறி வைப்பாங்க?"

"ராவெல்லாம் சத்தம் கேக்கலியா உனக்கு?"

"ஒரு சத்தமும் இல்லீங்க. நல்லா தூக்கம் வருது." சொல்லிவிட்டு நெஞ்சுக்கு மேல் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். அதன் முன்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் தூக்கும்போது சிந்தியிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சொல்லிவிடலாம். எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொன்னால்? அவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள், மறுபடி முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வாள், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள். சொல்லாவிட்டால்? நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கன்னத்தின் மினுமினுப்பு எங்கேயிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியும். தான் பெற்றதைத் தானே எடுத்து வந்து... அதற்குமேல் அவனால் யோசிக்க முடியாது. எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விடுவான்.

உர மூட்டை நூலாகவும் இருக்கலாம் இல்லையா? அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கடைசியில் லெவிசனிடம் போய் நின்றான்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்குறதப் பொறுத்து இருக்கு."

"வெளிய எடுக்காத குழந்தைங்கள... தோப்புல எந்தப் பக்கம்..."

லெவிசன் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான். "பைத்தியமா உனக்கு? அது பொம்பளைங்க சமாச்சாரம்."

"நீங்க குழி வெட்டுறவங்க. தெரியாம எப்படி?"

"தெரியும். மண்வெட்டி அங்க பட்றக் கூடாதுன்னு எங்களுக்கு மட்டும் சொல்லி வெச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "தெற்கு ஓரம். அத்திமரத்தடி. மேடு போட மாட்டாங்க. போதுமா? இனி இத எங்கயும் பேசாத." பிறகு பிஸ்விக்கின் முகத்தைப் பார்த்தான். "ஏன் மாப்ள? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"வா, நான் வீடுவரைக்கும் வர்றேன்."

லெவிசன் வந்தான். அவன் நாய் வரவில்லை. முற்றத்தின் எல்லையில் நின்றுகொண்டு, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்து மெல்ல முனகியது. எலியென்றால் கல்லைப் பிளந்துகொண்டு போகிற நாய் அது. லெவிசன் அதைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிஸ்விக்கைப் பார்த்தான். "எனக்கு வேலை கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கேலி ஒன்றும் செய்யவில்லை.

முற்றத்தில் யாருமில்லை. நாம்வாலே சர்ச்சுக்குப் போயிருந்தாள். உரலுக்குப் பக்கத்தில் உலக்கை கிடந்தது. இன்னும் இருட்டவில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் மிச்சம் இருந்தது. காற்றில் சாம்பல் பறந்துகொண்டிருந்தது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். அவள் செத்தாலும் சரி, தன்னை அடித்துத் துரத்தினாலும் சரி, ஊர்கூடி என்ன செய்தாலும் சரி. இதை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் அவள் பாட்டைக் கேட்க முடியாது.

கதவைத் தள்ளினான். விளக்கு ஏற்றவில்லை. உள்ளே வெளியைவிடச் சூடாக இருந்தது. பால் வாடை முகத்தில் அடித்தது. எஸினாத்தி பாயில், தலைமாட்டுச் சுவரில் சாய்ந்து, அவனுக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். துணியைத் தோள்வரை போர்த்தியிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாய், முன்னும் பின்னும், ஆடிக்கொண்டிருந்தாள். சுவரில் சத்தம் இல்லை. கூரையில் இல்லை. எங்கும் இல்லை.

"எஸினாத்தி."

"மெதுவா" என்றாள்.

அவன் வாசலிலேயே முழங்காலிட்டான். "நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அந்த எலி... சதுப்புல பிடிச்சதில்ல."

அவள் ஆடுவதை நிறுத்தவில்லை.

"தோப்புல. தோப்புல தோண்டினேன். எனக்கு இடம் தெரியாது, எஸினாத்தி, சத்தியமா தெரியாது. எனக்கு யாரும் சொல்லல. தெற்கு ஓரத்துல, அத்திமரத்தடில, நான்..." நெற்றியைத் தரையில் வைத்தான். "நூலப் பாத்தேன். பாத்தும் எடுத்துட்டு வந்தேன். உன்னத் திங்க வெச்சேன். என்ன மன்னிக்காத. மன்னிக்கவே மன்னிக்காத."

அவன் அழுதான்.

பிறகு எஸினாத்தி பேசினாள். கோபம் இல்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு விளக்குவதுபோல.

"எடம் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நான் எடத்த உங்ககிட்ட சொல்லவே இல்லியே."

"எஸினாத்தி..."

"எலிதான கேட்டேன்."

அவனுக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஊர்ல வேற எங்கயும் எலி இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீங்க தோப்புக்குப் போவீங்கன்னு தெரியும். வெறுங்கையோட வந்தப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்ல. திரும்பப் போனீங்க." லேசாகச் சிரித்தாள். "தனியா கெடந்தா. குளிருல. யாராவது கொண்டாந்து சேக்கணும்ல?"

எழுந்து ஓட நினைத்தான். கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"கிட்ட வாங்க. பயப்படாதீங்க. இப்பதான் பசியாறிட்டு இருக்காங்க."

இருக்காங்க.

அவள் திரும்பினாள். துணி தோளிலிருந்து நழுவியது.

முதலில் அவள் மார்பு முழுக்கத் தோல் உரிந்து கிடப்பதாகத்தான் நினைத்தான். இளஞ்சிவப்பு. ஈரம். பிறகு அது அசைந்தது. மயிர் இல்லாத, கண் திறக்காத, விரல் நீளக் குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றையொன்று தள்ளி, பொடி நகங்களால் அவள் தோலைப் பற்றித் தொங்கிக்கொண்டு. உறிஞ்சிக்கொண்டு. வெள்ளையாய் வழிந்தது. அதில் சிவப்புக் கோடுகளும் இருந்தன. அவளுக்கு வலிப்பதாகத் தெரியவில்லை.

அவள் ஒன்றைப் பிரித்தெடுத்தாள். அது விட மறுத்தது. தோல் கொஞ்சம் இழுபட்டு வந்தது.

"அன்னிக்குத் தொடக் கூடாதுன்னு வாசலுக்கு வெளியவே நின்னுட்டீங்க" என்றாள். "இப்ப யாரு தடுக்கப் போறா? புடிங்க. தலைய நல்லாத் தாங்கிப் புடிங்க."

உள்ளங்கையில் வைத்தாள்.

சூடு. எடையே இல்லை. தோலுக்கடியில் இதயம் துடிப்பது தெரிந்தது. அது தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் தேடியது. கண் இல்லாத முகம். அவன் சுண்டுவிரல் நுனியைக் கண்டுபிடித்தது. வாய்க்குள் வாங்கிக்கொண்டது. உறிஞ்சத் தொடங்கியது.

பல் இருந்தது.

பிஸ்விக் கையை இழுக்கவில்லை. மறு கையைக் குவித்து, அதன் தலைக்கு அணை கொடுத்தான்.